ஒரு கையும் இரண்டு திரைகளும்

லெப்டொப் வாங்கப் போகிறவர்கள் கடையில் என்ன படத்தைப் போட்டுத் திரையைச் சோதிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளின் படமோ, கடலோ, பூவோ, ஏதோ ஒன்றாக இருக்கும். நான் ஒரு கையைப் போட்டுப் பார்த்தேன். மருதோண்டி இட்ட ஒரு பெண்ணின் வலது கை. அந்தக் கைக்குரியவள் அப்போது உயிரோடு இல்லை.

எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் பெண்கள் இருக்கும் பகுதிக்குள் ஆண் கமராக்காரர் வர முடியாது. அங்கே படமெடுப்பது என் தொழில். மதுரங்குளியில், சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் கந்தோர். புத்தளம், கற்பிட்டி, சில நேரம் சிலாபம் வரைக்கும் போய் எடுத்துவந்து, இங்கே வைத்துத் திருத்தி, அல்பமாக்கிக் கொடுப்பேன். எனக்குப் பின்னால் ‘கமராப் பொம்புள’ என்பார்கள். முகத்துக்கு முன்னால் ‘டீச்சர்’ என்பார்கள். நான் ஒருநாளும் யாருக்கும் படிப்பித்ததில்லை. மரியாதைக்கு வேறு சொல் கிடைக்கவில்லை போலும்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. அல்பத்தை ஒப்படைக்கும் நாளில் பெண்ணின் உம்மா என் பக்கத்தில் கதிரை போட்டு உட்காருவார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாப் படங்களையும் நான் அழிப்பேன். லெப்டொப்பிலும் அழிப்பேன், கமராவின் கார்டிலும் அழிப்பேன். அழித்தவை போய்ச் சேரும் குப்பைத்தொட்டியையும் திறந்து காலி செய்து காட்டுவேன். சிலர் பொத்தானைத் தாங்களே அழுத்த வேண்டும் என்று நிற்பார்கள். அழுத்திய பிறகுதான் மூச்சு விடுவார்கள். பெற்ற பிள்ளையின் முகம் எவனுடைய போனிலும் போய் மாட்டாது என்ற நிம்மதி அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த நிம்மதியில்தான் என் வீட்டுச் சோறு வேகிறது.

என் பழைய லெப்டொப்பின் திரை மலிவுத் திரை. நேரே இருந்து பார்த்தால்தான் படம், கொஞ்சம் விலகினால் எல்லாம் சாம்பல் பூத்துவிடும். அதுவும் ஒருவகையில் வசதியாகத்தான் இருந்தது. என் மனுசன் தேத்தண்ணி கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைக்கும்போது அவர் பக்கமிருந்து ஒன்றும் தெரியாது. “ஒண்ட பொண்ணுகளெல்லாம் ஜின்னு மாதிரி இரிக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். விலை கூடிய திரையில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் படம் தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மற்றவர்களுக்கு அது பெருமை. எனக்கு அது திறந்து கிடக்கும் ஜன்னல்.

ஆனால் நிற விஷயத்தில் அந்தப் பழைய திரை என்னைப் படாத பாடு படுத்தியது. திரையில் மாநிறமாக இருக்கும் பிள்ளை அச்சில் மஞ்சள் பூசினாற்போல் வருவாள். கூறைப் புடவையின் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். ஒவ்வொரு அல்பத்துக்கும் முன்னால் ஏதாவது ஒரு படத்தை அச்சடித்துப் பார்த்து, திரை எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்துகொண்டுதான் வேலை தொடங்க வேண்டும். அதற்கு மனிதத் தோல் உள்ள ஒரு படம் நிரந்தரமாக வேண்டும். முகத்தை வைத்துக்கொள்ள முடியாது. கை என்றால் யாராவது சம்மதிப்பார்கள்.

சம்மதித்தவள் உச்சமுனைத் தீவுப் பெண். கற்பிட்டியிலிருந்து படகில் போய் எடுத்த கலியாணம் அது. கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் மருதோண்டி காய்வதற்காக வலது கையை வெள்ளைத் துணியின்மேல் விரித்து வைத்துக்கொண்டு, சிரிக்கக்கூடாது, கை ஆடும் என்று சொல்லிச் சொல்லியே சிரித்துக்கொண்டிருந்தாள். தோல், நகம், தங்கக் காப்பு, மருதோண்டி, வெள்ளைத் துணி, எனக்கு வேண்டிய எல்லாம் அந்த ஒரு கையைச் சுற்றி இருந்தன. எடுத்தேன். வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவளுடைய உம்மாவின் முகம் சுருங்கியது.

“கைதானே உம்மா. கையப் பாத்து ஆரு என்னத்தக் கண்டுபுடிக்கப்போறா?” என்றாள் பெண்.

“மொகம் இல்லாட்டி சரி” என்றார் உம்மா, அரை மனதோடு.

அந்தத் தாயை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். கமராவைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு விலகிவிடுகிறவர். வாழ்நாளில் அடையாள அட்டைக்கு ஒரு தடவை படமெடுத்ததோடு சரி, அதையும் பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். கலியாணம் முடியும்வரை என்னைக் கண்ட இடமெல்லாம், “நான் ஒண்டுலயும் விழுந்திரக்கூடா மகள்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. ஆனாலும் அவர் வரும் திசையைப் பார்த்துப் பார்த்துக் கமராவைத் திருப்பினேன். அல்பத்தை வாங்க வந்த அன்று கதிரையில் உட்கார்ந்து, நான் அழிப்பதைக் கண் இமைக்காமல் பார்த்தார்.

“எல்லாம் போச்சா?”

“போச்சு மாமி. அந்தக் கை மட்டும் இரிக்கி.”

“நான்?”

“நீங்க ஒரு படத்துலயும் இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று எழுந்து, கொண்டுவந்த நண்டுப் பையை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்கு டெங்குக் காய்ச்சல். சிலாபத்து ஆஸ்பத்திரியில் வைத்து மௌத்தாகிவிட்டாள். செய்தி எனக்கு வந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது. அன்றைக்கு இன்னொரு கலியாண அல்பத்தின் நிறத்தைச் சரிபார்க்க அவளுடைய கையைத்தான் திரையில் திறந்து வைத்திருந்தேன். மூட மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து மாமி வந்தார். படகும் இரண்டு பஸ்ஸும் மாறி, தனியாக. ஆள் பாதியாகியிருந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் கதிரையின் நுனியில் உட்கார்ந்து கேட்டார்.

“மகள், ஒண்டுமே இல்லையா?”

என்ன கேட்கிறார் என்று விளங்கியது. என்றாலும் அல்பத்தைப் பற்றிக் கேட்டேன். அல்பம் பெண்ணோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தது. மௌத்தானவரின் படத்தை வைத்திருக்கக்கூடாது என்று சொல்லி, அங்கேயே எரித்துவிட்டார்களாம். எரித்த பிறகு, நல்ல காரியம் செய்ததாக ஆள் அனுப்பிச் சொல்லியும் இருக்கிறார்கள்.

“அவங்க செஞ்சது சரிதான்” என்றார் மாமி. “நானா இரிந்தாலும் அதத்தான் செய்யச் சொல்லீப்பேன். ஆனா மகள், எனக்கு அவட மொகம் மறந்து போவுது. ராவுல கண்ண மூடினா வருதில்ல.”

அழித்த படங்களை மீட்கும் வழிகளை எல்லாம் நான் அவர் வருவதற்கு முன்னாலேயே முயன்றுவிட்டேன். அந்தக் கார்டில் அதன்பிறகு எத்தனையோ கலியாணங்கள் ஏறி இறங்கிவிட்டன. போனது போனதுதான். அதை அவரிடம் சொல்லவில்லை. கை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

திறந்து காட்டினேன். மாமிக்குக் கண் பார்வை அவ்வளவாக இல்லை. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். சாய்ந்ததும் கை சாம்பலாகிவிட்டது. நான் திரையை முன்னுக்கும் பின்னுக்கும் சரித்தேன். மருதோண்டி ஒரே கறுப்புத் திட்டு. தோல் மஞ்சள். மாமி வெகுநேரம் பார்த்துவிட்டு, என் மனம் நோகக்கூடாது என்ற கவனத்தோடு சொன்னார்.

“இது ஆருட கையா இரிந்தாலும் இரிக்கலாம் மகள்.”

அச்சடித்துத் தரவா என்று கேட்டேன். வீட்டுக்குள் படம் வைக்கமாட்டேன், படம் இருக்கும் வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்றார். போனில் போட்டுக் காட்டவா என்றேன். வேண்டாம், போன் கைக்குக் கை மாறும் சாமான் என்றார். இங்கே வந்து பார்ப்பதாக இருந்தால் மட்டும் பார்ப்பேன், அதுவும் அவளுடையதென்று தெரிந்தால் என்றார். சொல்லிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு அந்த லெப்டொப்பைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போல் வந்தது. படமில்லாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். தொண்ணூறில், முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது, நாங்கள் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தோம். அல்பம் அங்கே அலுமாரிக்குள் கிடந்தது. வந்த சில மாதங்களில் வாப்பா அகதி முகாமிலேயே மௌத்தாகிவிட்டார். நான் சின்னப் பிள்ளை. வாப்பாவின் முகம் என்று இன்றைக்கு நான் நினைப்பது, உம்மா சொல்லிச் சொல்லி நானே செய்துகொண்ட முகம். கறுவல், உயரம், சிரித்தால் கன்னத்தில் குழி. அந்த முகத்தோடு றோட்டில் ஆயிரம் பேர் போகிறார்கள்.

புது லெப்டொப் வாங்க வேண்டும் என்று எப்போதிருந்தோ சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அந்த வாரமே மனுசனையும் இழுத்துக்கொண்டு சிலாபத்தில் றெயில் பிடித்துக் கொழும்புக்குப் போனேன்.

கடைக்காரர் கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுச் சிங்களவர். பொறுமைசாலி. என்ன வேலைக்கு என்று கேட்டார், சொன்னேன். வரிசையாக மேசையில் வைத்தார். என்னிடமிருந்த பென்டிரைவைப் போட்டு ஒவ்வொன்றிலும் அந்தக் கையை ஏற்றித் திறந்தேன். என் மனுசன் அந்நியப் பெண்ணின் கையைப் பார்க்கக்கூடாது என்று கடையின் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். எது நல்லது என்று கேட்டதற்கு, “எல்லாம் நல்லாத்தான் சுத்துது” என்றார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ஒரு திரை நுணுக்கமாக இருந்தது, ஆனால் வெளிச்சம் போதவில்லை. எங்கள் முன்னறைக்குள் பகலில் உப்பளத்து வெயில் முழுக்க வந்து விழும். இன்னொன்றில் வெளிச்சம் நிறைய இருந்தது, தோல் நீலம் பாய்ந்து கிடந்தது. பக்கவாட்டில் நின்றும் குனிந்தும் எட்ட நின்றும் பார்த்தேன். கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டின் விலையும் என்னை எச்சில் விழுங்க வைத்தது.

முதலாவது, கண்ணாடிபோல் மினுங்கும் திரை. அதில் அந்தக் கையைப் போட்டதும் நான் ‘யா அல்லாஹ்’ என்றுவிட்டேன். மருதோண்டி காயுமுன்னே கழுவி எடுத்ததுபோல் சிவந்திருந்தது. காப்பு சுடர்விட்டது. கறுப்பு என்றால் அசல் கறுப்பு. கடைக்காரருக்கும் அதுதான் விருப்பம். கலியாணப் படத்துக்கு இதைவிட வேறு வேண்டுமா, பார்க்கிற எல்லாரும் மயங்குவார்கள் என்றார். இரண்டாவது, மினுக்கம் இல்லாத திரை. அதில் கை அடக்கமாக இருந்தது. மருதோண்டி மருதோண்டியின் நிறத்தில், தோல் வெயிலில் வளர்ந்த பிள்ளையின் தோலாக.

முதல் பார்வைக்கு முதலாவதுதான். நானும் அதைத்தான் வாங்கியிருப்பேன். ஆனால் பெருவிரலுக்குக் கீழே ஒரு பிறை வடிவத் தழும்பு இருந்ததை இரண்டாவதில்தான் கண்டேன். சின்ன வயதில் நண்டு கவ்விய இடம். படமெடுக்கும்போது அவளே காட்டிச் சிரித்தாள். முதலாவதில் அதைத் தேடினேன். சிவப்பின் பளபளப்பில் அது கரைந்து போயிருந்தது. இவ்வளவு காலமாக அந்தப் படத்தைப் பார்த்து வந்திருக்கிறேன், என் பழைய திரை அதை ஒருநாளும் காட்டியதில்லை.

உங்கள் மகளுடைய கையா என்று கடைக்காரர் சிங்களத்தில் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். அதற்குமேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

பிறகு அவர், இருட்டான பகுதியையும் பாருங்கள் என்றார். மலிவுத் திரை இருட்டை விழுங்கிவிடும், சில விலை கூடிய திரைகூடக் கறுப்பை அழகாகக் காட்டப்போய் அதற்குப் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து விழுங்கிவிடும் என்றார். படத்தின் கீழ் மூலை எப்போதும் எனக்கு வெறும் இருட்டு. முதலாவது திரையிலும் வெறும் இருட்டு. இரண்டாவதில் அந்த இருட்டுக்குள் ஏதோ இருந்தது. துணி மடிப்பு என்று நினைத்துப் பெரிதாக்கினேன்.

விரல்கள். கறுப்பு முக்காட்டின் நிழலுக்குள்ளிருந்து நீண்டு வந்த மூன்று விரல்கள், மருதோண்டி கலையாதபடி பெண்ணின் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்திருந்தன. நடுவிரல் கொஞ்சம் வளைந்திருந்தது. அந்த வளைந்த விரலோடுதான் மாமி எனக்கு நண்டுப் பையைத் தந்தவர்.

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் ஒரு படத்திலும் இல்லை என்று நெஞ்சில் கை வைத்தல்லவா சொல்லியிருந்தேன். மாமி இதைப் பார்த்தால் என்ன சொல்வார்? அழி என்பார். வேறு என்ன சொல்வார்? அப்படிச் சொன்னால் அழிக்கத்தான் வேண்டும், அது அவருடைய உரிமை. அழித்தால் அந்தக் கையும் போய்விடும். மினுங்கும் திரையை வாங்கினால் ஒரு வில்லங்கமும் இல்லை. கை அழகாகத் தெரியும், விரல்கள் தெரியா. ஆனால் தழும்பும் தெரியாது. மாமி மறுபடியும் ஆருட கையாக இருந்தாலும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போவார். என் மனுசன் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தார். தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

இரண்டாவதையே வாங்கினேன். கடையிலிருந்த எல்லா லெப்டொப்பிலும் படத்தை அழித்து, குப்பைத்தொட்டிகளையும் காலி செய்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். கடைக்காரர் ஆச்சரியமாகப் பார்த்தார். பழக்கதோஷம்.

வீட்டில் மேசையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, குறுக்கே ஒரு திரைச்சீலையும் தொங்கவிட்டேன். மாமிக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வரும்வரை ஒரே யோசனை. படத்தின் மூலையை வெட்டிவிட ஒரு நொடி போதும். பெண்ணின் கைக்கு ஒரு சேதமும் வராது, என் வாக்கும் தப்பிவிடும். வெட்டுவதற்குக் கட்டமும் போட்டேன். கட்டத்துக்கு வெளியே அந்த மூன்று விரல்களும் மங்கிப் போய் நின்றன. அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கட்டத்தை எடுத்துவிட்டேன்.

மாமி வந்தார். பிஸ்மி சொல்லி உட்கார்ந்தார். நான் படத்தைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றேன். எங்கே சாய்ந்து பார்த்தாலும் இந்தத் திரையில் கை கையாகவே இருந்தது.

மாமி முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு பெருவிரலுக்குக் கீழே, திரையில் படாமல், காற்றில் விரலை வைத்தார்.

“நண்டு கடிச்சது” என்றார். “நாலு வயசுல. நான் கூடைய மூடாம வெச்சிட்டேன்.” விரலால் அந்தப் பிறையைக் காற்றிலேயே வரைந்தார். “ஓம் மகள். இது எண்ட புள்ளதான்.”

அழுதார். நானும் அழுதேன். அழுது முடிந்து முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் திரைக்குக் கிட்டப் போனார். ஒவ்வொரு நகமாகப் பார்த்தார். காப்பைப் பார்த்தார். மணிக்கட்டுக்கு வந்தார். அங்கிருந்து அவருடைய கண் கீழே மூலைக்கு இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த வளைந்த விரலில் கண் நின்றது. பிறகு தன் வலது கையை மடியிலிருந்து எடுத்து, நடுவிரலைப் பார்த்தார்.

“நானும் இரிக்கேனா?”

“மன்னிச்சுக்கங்க மாமி. சத்தியமா எனக்குத் தெரியல்ல. பழைய ஸ்க்ரீன்ல இருட்டாத்தான் கெடந்துச்சு.” கேட்க வேண்டியதைக் கேட்டேன். “அழிச்சிரவா?”

மாமி திரையிலிருந்த அந்த மூன்று விரல்களின்மேல் தன் விரல்களை மெதுவாக வைத்தார்.

“வேணாம் மகள்” என்றார். “புடிச்சிக்கிட்டே இரிக்கட்டும்.”